பையில் ‘எம்’, உள்ளே ‘எல்’: பழைய பாராகிளைடர் வாங்கப் போகிறவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் பறக்கும் சீசனுக்கு முன்னால் செகண்ட் ஹேண்ட் விங் (பாராகிளைடரின் துணிச் சிறகு) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் உடல் எடை 68 கிலோ. ஹார்னஸ் (உட்காரும் பட்டை இருக்கை), ரிசர்வ் (அவசரப் பாராசூட்), ஹெல்மெட், தண்ணீர், விங் எல்லாம் சேர்த்தால் 88. பயிற்சி விங்கை விட்டு ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் அதற்கு அடுத்த படியான ‘இ.என். பி’ வகைக்கு மாற நினைத்தேன். ஒரு விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்: எம் சைஸ், 80 முதல் 100 கிலோ வரை, 60 மணி நேரம்தான் பறந்தது, போன வருடம் செக் பண்ணியது. விலை 1,20,000 ரூபாய். அவரே பறக்கிறவர், பலருக்குச் சொல்லியும் கொடுக்கிறவர். அதனால் நம்பினேன். பார்சல் வந்தது. பையில் ‘எம்’ என்று தைத்திருந்தது. அதோடு திருப்தியானேன். நான் செய்த தவறு அதுதான்.

கோவையில் மைதானத்தில் விரித்துப் பழகியபோதே விங் தலைக்கு மேல் வரச் சோம்பியது. பின்னாலேயே தொங்கும், இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருக்கும். என் கைப்பழக்கம் போதவில்லை என்றே நினைத்தேன். அக்டோபரில் பில்லிங்கில் ஏறினேன். சுமார் 2,400 மீட்டர் உயரத்துக் கிளம்புமிடம், கீழே பீர். தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், விங்கின் நுனிகள் அடிக்கடி மடிந்தன. எதிர்க்காற்றில் முன்னே நகரவே மாட்டேன் என்றது.

மூன்றாம் நாள் இறங்கும்போது தரையிலிருந்து வெப்பம் தூக்கிக்கொண்டே இருந்ததால் ‘பிக் இயர்ஸ்’ இழுத்தேன், அதாவது சீக்கிரம் இறங்க விங்கின் இரு நுனிகளையும் மடித்தேன். ஏறக்குறைய 200 மீட்டரில் விட்டேன். மடிந்த நுனிகள் திறந்துகொண்டன, ஆனால் முகத்தில் காற்றில்லை. காதில் அந்த உஸ்ஸென்ற சத்தமும் இல்லை. பிரேக் கயிறு கையில் துவண்டு கிடந்தது. மேலே விங் முழுதாக, அழகாக விரிந்திருக்கிறது. நானோ நேர் கீழே போய்க்கொண்டிருக்கிறேன். டீப் ஸ்டால். பிரேக்கை முழுக்க மேலே விட்டு ஏ ரைசர்களை (விங்கின் முன்வரிசைக் கயிறுகள் வந்து சேரும் பட்டைகளை) முன்னுக்குத் தள்ளினேன். விங் முன்னால் பாய்ந்து மறுபடி பறக்கத் தொடங்கியது. இறங்கிய பிறகு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் பீரிலேயே விங் பரிசோதிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது, விங்கின் நடு செல்லுக்குள் (காற்று நிரம்பும் அறைக்குள்) கைவிட்டு உள்ளே தைத்திருந்த லேபிளைப் புரட்டியது. எல் சைஸ், 95 முதல் 115 கிலோ. நான் 7 கிலோ குறைவு. அந்த ‘பி’ சான்றிதழ் அதில் எழுதிய எடை வரம்புக்குள் மட்டும்தான் செல்லும். என் எடைக்கு அது வெறும் காகிதம். பை மட்டும் வேறொரு விங்குடையது. அடுத்து துணி. குறிப்பிட்ட அளவு காற்று துணிக்குள் புக எத்தனை விநாடி ஆகிறது என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். புதுத் துணியில் நூறைத் தாண்டும். என்னுடையதில் முன்விளிம்புப் பக்கம் 9. பின்வரிசை லைன்கள் (கயிறுகள்) சுருங்கியிருந்தன, அதனால் விங்கின் மூக்கு எப்போதும் தூக்கியே நின்றிருக்கிறது. எடைக் குறைவு, காற்று கசியும் துணி, சுருங்கிய லைன், இவற்றோடு பிக் இயர்ஸும் சேர்ந்ததும் ஸ்டாலாகிவிட்டது. 60 மணி நேரம் என்பதும் பொய் என்றார் அவர்.

பையைப் படமெடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள். உள் லேபிளில் சைஸ், எடை வரம்பு, வரிசை எண் மூன்றும் தெரியும்படி படம் கேளுங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டால் எந்த வருடத்து விங் என்று தெரிந்துகொள்ளலாம். ‘செக் பண்ணியது’ என்றால் தேதியும் அளவுகளும் எழுதிய தாள் இருக்க வேண்டும். எடையை முழு மூட்டையோடு தராசில் ஏறிப் பாருங்கள்.

விற்றவரைக் கேட்டேன். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்றார். விடாமல் கேட்டதும் 40,000 தருகிறேன், திருப்பி அனுப்புங்கள் என்றார். அனுப்பவில்லை. அடுத்து அது எந்தப் பையன் தலைக்கு மேல் விரியும் என்று தெரியும். லைன்களை ரைசரோடு ஒட்ட வெட்டிவிட்டேன். லேபிளை மட்டும் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன், வாங்கப் போகிற யாராவது கேட்டால் காட்ட.