டேப்பிங் பழக டடாரியோ ஈஜே26 கம்பிகள்: மேல் மூன்றுக்குத்தான் லாபம்

அகூஸ்டிக் கிட்டாரில் டேப்பிங் (கம்பியை மீட்டாமல் விரலால் தட்டியே சுரம் எழுப்பும் முறை) பழகுகிறவர்கள் முதலில் சொல்லும் குறை, “தட்டினால் சத்தமே வரல” என்பது. எலக்ட்ரிக்கில் ஆம்ப் செய்கிற வேலையை இங்கே விரல்தான் செய்ய வேண்டும். அதனால் 12 செட்டைக் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) கழற்றிவிட்டு, மெல்லிய 11 செட் (0.011) மாட்டலாமா என்ற கேள்வி வருகிறது.

கம்பி தயாரிக்கும் டடாரியோ நிறுவனத்தின் பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு வெண்கலக் கலவை) வகையில் ஈஜே16 என்பது 12 செட், ஈஜே26 என்பது 11 செட். இரண்டின் உறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று கம்பிகள் 0.012, 0.016, 0.024 அங்குலத்திலிருந்து 0.011, 0.015, 0.022 ஆகக் குறைகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் இரண்டு செட்டிலும் ஒன்றேதான்: 0.032, 0.042. ஆறாவது 0.053-க்குப் பதில் 0.052. ஆக, இடது கை பேஸ் (தடித்த) கம்பிகளில் ஹேமர் செய்யும், அதாவது விரலால் அடித்துச் சுரம் எழுப்பும் பாணிக்கு இந்த மாற்றத்தால் பெரிய பயன் இல்லை.

மேல் ஸ்தாயிக் கம்பிகளில், அதாவது மெல்லிய முதல் மூன்றில், வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதல் கம்பியின் இழுவிசை சுமார் 16 சதவீதம் குறைகிறது. சோதிக்க எளிய வழி: முதல் கம்பியில் 5-ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், 8-இல் சுண்டுவிரல், 12-இல் வலது கை நடுவிரல். தட்டி, இழுத்து, மறுபடி தட்ட வேண்டும், மெட்ரோனோம் 60. மூன்று சுரமும் ஒரே அளவில் கேட்க வேண்டும். சுண்டுவிரலின் சுரம் அமுங்குவது 12 செட்டில் சகஜம். இதில் அது சீக்கிரம் சரியாகும். அப்போதும் சத்தம் மந்தமாக இருந்தால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். விரல் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஒட்டி விழாமல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுகிறது, அல்லது விரலைப் பக்கவாட்டில் சுண்டாமல் நேராகத் தூக்குகிறீர்கள். வலது நடுவிரலின் நகத்தையும் வெட்டிவிடுங்கள். விரல் சதைதான் தட்ட வேண்டும்.

டாட்காட் ட்யூனிங்கில் (ஆறாவது கம்பியிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி சேர்ப்பது) கதை மாறும். அங்கே 1, 2, 6-ஆம் கம்பிகள் ஒரு முழுச்சுரம் இறங்குவதால் இழுவிசை ஏறத்தாழ 21 சதவீதம் விழும். ஏற்கெனவே தளர்ந்த 11 அதற்கும் கீழே போனால் பலமாகத் தட்டும்போது ஃப்ரெட்டில் மோதி இரையும். ஸ்ருதியும் மேலேறிக் கேட்கும். அந்த ட்யூனிங்கிலேயே வாசிப்பவர்கள் ஈஜே16-ஐ விடவே வேண்டாம். டி-க்கு இறக்கிய 12 செட்டின் முதல் கம்பி, வழக்கமான இ-யில் இருக்கும் 11-ஐவிடக் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும்.

மாட்டிய பிறகு முதல் சில ஃப்ரெட்களில் இரைச்சல் வந்தால், இழுவிசை குறைந்து கழுத்து நிமிர்ந்திருக்கும். டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் கம்பி) இடஞ்சுழியாகக் கால் சுற்றுக்குள் தளர்த்துங்கள். கழுத்தின் வளைவைப் பார்க்கும்போது 7-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி 0.2 மி.மீ. இருந்தால் போதும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2.3, முதல் கம்பி 1.8 மி.மீ. உயரம் டேப்பிங்குக்கு வசதி.

ஆறு கம்பியும் ஒரே பையில் வரும். முனைக் குண்டின் நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளி முதல் கம்பி, பிறகு ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, பித்தளை. கோட்டிங் இல்லாததால் வியர்வைக்குச் சீக்கிரம் மங்கும், வாசித்ததும் துடைக்க வேண்டும். ஸ்ட்ரம்மிங்கில் 12-இன் கனம் கிடைக்காது.