பஞ்சிகாவத்தையில் வாங்கிய 3 டன் ஸ்டாண்ட் சோடி: பின் எக்சல் கழற்றப் போதுமா?

போதும், ஆனால் கடையிலேயே சோதித்து எடுக்க வேண்டும். எங்கள் பழைய டிஎக்ஸ் வாகன் காரின் டிபரென்சல் (பின் எக்சலின் நடுவில் இருக்கும் கியர்த் தொகுதி) ஊளையிடத் தொடங்கியிருந்தது, கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நல்ல எக்சல் ஒன்று முழுதாகவே கிடைத்தது, சரி கராஜுக்குப் போகாமல் வெள்ளவத்தை வீட்டு முற்றத்திலேயே மாற்றுவோம் என்று நானும் மச்சானும் இறங்கினோம். அதற்குத்தான், ஜக்கால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இந்த ஸ்டாண்ட்.

கடை சின்னது. கடைக்கார நானா பெட்டியைப் பிரித்துப் பார்க்க விட்டார், “தட்டிப் பாருங்க தம்பி, பயப்படாதீங்க” என்றார். தட்டினேன். ஒரு ஸ்டாண்டில் உயரத்தைப் பூட்டும் கொக்கி பல்லுக்குள் அரைகுறையாகத்தான் விழுந்தது, கைப்பிடியை லேசாகத் தட்டியதும் நழுவியது. முகம் சுளிக்காமல் வேறு சோடி எடுத்துத் தந்தார். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் கம்பனி 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திருப்பி எடுத்தது இந்தப் பல் சரியாகப் பிடிக்காத கோளாறால்தான்.

பொருள் நல்லம். கால் அகலம், ஆட்டமில்லை. தலைப்பகுதி கொஞ்சம் ஒடுக்கம், றப்பர் துண்டு வைத்தால் சேசிஸில் வழுக்காது. 3 டன் என்பது சோடிக்கான கணக்கா, ஒன்றுக்கானதா என்று லேபலை வாசியுங்கள்; எங்கள் வாகன் ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் கவலை இருக்கவில்லை. முற்றத்தில் கல் பதித்திருந்தபடியால் கால்களுக்குக் கீழே தடித்த பலகை போட்டோம்.

எக்சலையே கழற்றும்போது ஸ்டாண்டை அதற்குக் கீழே வைக்க முடியாது, லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை பூட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சேசிஸில்தான் வைக்க வேண்டும். பலர் மறப்பது முன் சில்லுகளைத்தான். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லை, கியரில் விட்டாலும் அது புரொப்பல்லர் சாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து டிபரென்சலுக்குப் போகும் நீளத் தண்டு) வழியாகப் பின் சில்லைத்தான் பிடிக்கும், இரண்டையும் கழற்றிய பிறகு வண்டியை நிறுத்தி வைப்பது முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் செருகிய மரக்குத்திகள் மட்டும். சாஃப்டைக் கழற்றுமுன், அதை டிபரென்சலோடு பூட்டும் தட்டுகளான இரண்டு பிளேஞ்சிலும் ஒரே கோடாக அடையாளம் கீறுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது அதிர்வு வரலாம்.

பிறகு ட்ரொலி ஜக்கால் டிபரென்சலைத் தாங்கிக்கொண்டு ஷொக் அப்சோபர், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், கடைசியில் எக்சலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட். யூ போல்ட் விட்டதும் டிபரென்சலின் மூக்கு கனத்தில் கவிழப் பார்க்கும், பக்கத்துக்கு ஒருவர் பிடிக்க வேண்டும், தனியாள் வேலை இல்லை. எங்கள் பழைய ஜக்கின் சீல் அந்த நேரம் பார்த்துக் கசிந்தது, எக்சல் மெல்ல மெல்ல இறங்க, மச்சான் கையை இழுத்துக்கொண்டார். வண்டி ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்வது.

குறை என்றால், சில்லுக்கு வைக்கும் கட்டை அந்தக் கடையில் இல்லை, மர ஆலையில் வெட்டி எடுத்தோம். யூ போல்ட்டையும் புதிதாகவே வாங்குங்கள், அதே தெருவில் கிடைக்கும். பழையதைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.