சொந்த ஸ்டை ஃபைல் வைத்துக்கொள்ளலாமா?

லேடெக்கில் (கட்டளைகளோடு எழுதியதைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் மென்பொருள்) ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லா ஆவணத்திலும் சுருக்கக் கட்டளைகளை வரையறுக்கும் அதே நியூகமாண்ட் வரிகளை ஒட்டி ஒட்டி அலுத்துவிட்டது. நீங்கள் தனியாக ஒரு ஸ்டை ஃபைல் வைத்திருக்கிறீர்களாமே, பரவாயில்லையா?"

சில வருடங்களாக வைத்திருக்கிறேன்; என் சுருக்கக் கட்டளைகளை எல்லாம் மொத்தமாகப் போட்டு வைக்கும் தனி ஃபைல் அது. அமைப்பது பெரிய வேலையே இல்லை. லினக்ஸில் டெக் லைவ் (லேடெக்கை நிறுவும் தொகுப்பு) போட்டிருந்தால், ஹோம் ஃபோல்டருக்குள் டெக்ஸ்எம்எஃப், அதற்குள் டெக், அதற்குள் லேடெக் என்று ஃபோல்டர் போட்டு ஃபைலை வைக்க வேண்டும். மேக்கில் அந்த டெக்ஸ்எம்எஃப் லைப்ரரி ஃபோல்டருக்குள் இருக்கும். அப்புறம் எந்த ஆவணத்திலும் அதை அழைக்க யூஸ்பேக்கேஜ் என்று ஒரு வரிதான். புது டெக் லைவ் போட்டாலும் இது அப்படியே இருக்கும். வெக்டர், நிகழ்தகவு, பகுதி வகைக்கெழு எல்லாமே இரண்டு மூன்று எழுத்தில் முடிகின்றன. யோசிக்காமலே கை அடித்துவிடும். இந்தச் சுகத்துக்கு நான் அடிமை.

ஆனால் ஆவணம் என் கணினியை விட்டு வெளியே கிளம்பினால் போச்சு. கூட்டாகக் கட்டுரை எழுதுபவரிடமிருந்து "ஃபைல் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறதே" என்று மெயில் வரும். ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்சைவ் தளத்தில் ஏற்றும்போதும் ஸ்டை ஃபைலைக் கூடவே ஏற்றியாக வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஃபைல்கன்டென்ட்ஸ் சூழலில், அதாவது இன்னொரு ஃபைலைப் பொதிந்து வைக்கும் பகுதியில், மொத்த ஃபைலையும் ஆவணத்தின் தலையிலேயே வைத்துவிடலாம். கம்பைல் செய்யும்போது, அதாவது பிடிஎஃப் ஆக்கும்போது, அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தொடாது, இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. வேதனையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் ஹோமில் இருக்கும் ஃபைலில் வெக்டரை அம்புக்குறியிலிருந்து தடித்த எழுத்துக்கு மாற்றினால் எனக்குப் புதியது வரும், கூட்டாக எழுதுபவருக்கு ஆவணத்தில் உறைந்துபோன பழையது வரும். ஒரே மூலம், இரண்டு பிடிஎஃப். பிழைச்செய்தி எதுவும் கிடையாது. 2019 இறுதி முதல் இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதும் ஓவர்ரைட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் என் கணினியிலும் பழைய நகல்தான் ஓடும். அப்புறம் எதற்கு ஹோமில் ஒரு ஃபைல்? என் பழைய பாடக்குறிப்புகளோ இன்னும் மோசம்: இன்று கம்பைல் செய்தால் குறியீடெல்லாம் சத்தமில்லாமல் மாறி நிற்கின்றன.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இருபது கட்டளைகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை, ஆவணத்தின் முன்பகுதியான ப்ரியாம்பிளிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். நான் விடப்போவதில்லை, அது வேறு கதை.