ஒருநாள் பயணத்துக்கு பாலிக் பூலாவா, தெலுக் பஹாங்கா?

வெளிநாட்டில் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம், அங்கேயே செய்ததை அங்கேயே குடித்தோம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஜாதிக்காய்தான் ஞாபகம் வரும். நம் மலேசியாவின் பினாங்குத் தீவில் திராட்சைத் தோட்டம் இல்லை, சரி. ஆனால் விளைகிற இடத்திலேயே நின்று, செய்கிறவர் கையால் ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் குடிக்கிற சுகம் ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் இருக்கிறது. நம்மில் பல பேர் லக்சா என்கிற புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட மட்டும் அங்கே போய்த் திரும்பிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் இதே பேச்சுதான்: பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ப் பட்டறையா, தெலுக் பஹாங் வாசனைத் தோட்டமா, இல்லை டுரியான் தோப்பா? மூன்றுக்கும் பல முறை போய் வந்திருக்கிறேன். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் பாலிக் பூலாவைத்தான் சொல்வேன்.

ஜாதிக்காய் நமக்குப் புதிதில்லை. குழந்தை பிறந்த வீட்டில் வசம்பு, மாசிக்காயோடு உரைகல்லில் இழைப்பார்கள், பிரியாணியில் ஜாதிபத்திரி போடுவோம். ஆனால் அந்தக் கொட்டையைச் சுற்றி ஒரு சதைப்பழம் இருக்கிறது என்பது என் அக்காவுக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பட்டறையில் ஒரு சீனப் பாட்டி மஞ்சள் பழம் ஒன்றைக் கத்தியால் கீறிப் பிளந்து காட்டினார். உள்ளே கரும்பழுப்பில் பளபளவென்று ஓடு, அதன்மேல் ரத்தச் சிவப்பில் வலை பின்னினாற்போல் ஜாதிபத்திரி. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. டப்பாவில் நாம் வாங்குகிற காய்ந்த ஆரஞ்சு நிறச் சருகு இதுதான் என்று நேரில் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

இங்கே சதைதான் ராஜா. சீவி, உப்பு சர்க்கரையில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து விற்கிறார்கள். கொட்டையிலிருந்து எண்ணெயும் தைலமும். குடிப்பதற்கு இரண்டு வகை கிடைக்கும்: பச்சைச் சதையைப் பிழிந்த வெள்ளை, சர்க்கரையோடு காய்ச்சிய பழுப்பு. வெள்ளையில் ஆசாம் போய் (உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழம்) ஒன்று போட்டுத் தருவார்கள், துவர்ப்பும் புளிப்பும் மூக்கில் ஏறும் வாசனையுமாக அது வேறு ரகம். பழுப்பு வெறும் இனிப்பாகத்தான் எனக்குப் படுகிறது. ஆசாம் லக்சாவுக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்துக் குடியுங்கள், உறைப்பு உடனே அடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மரம் இந்த மண்ணுடையது இல்லை. 1790களின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டது. தோட்டங்கள் பெருகி, 1860 வாக்கில் நோய் விழுந்து அழிந்தன. அதற்குப் பிறகும் சிறு குடும்பங்கள் இதை விடாமல் வைத்திருப்பதால்தான் நமக்கு இன்றைக்கு ஒரு கிளாஸ் கிடைக்கிறது. நாம் போய் வாங்காவிட்டால் அடுத்த தலைமுறை இதை எதற்குத் தொடரும்?

தெலுக் பஹாங் வாசனைத் தோட்டம் வேறு மாதிரி. பழைய ரப்பர் தோட்டம் இருந்த 8 ஏக்கரில் 2003ல் திறந்தார்கள், 500க்கும் மேற்பட்ட செடி வகைகள் இருக்கின்றன. பட்டை, கிராம்பு, ஏலம், கொடியாக ஏறும் வெனிலா எல்லாவற்றையும் பெயர்ப்பலகையோடு பார்க்கலாம், நிழல் நன்றாக இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி, சந்தேகமே வேண்டாம். நுழைவுக் கட்டணம் உண்டு, மைகாட் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். கொசு மருந்தும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் படிகளும் ஏற்றமும் சிரமம், என் அத்தை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் இங்கே செடியைத்தான் பார்க்கிறோம், அதை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தக் குறை தீரவே இல்லை. மாசி மகத்துக்கு சிங்கமுகக் காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம், அதே வட்டாரம்தான்.

டுரியான் தோப்பு ஜூன், ஜூலை என்றால் மட்டும் போட்டிக்கு வரும். பாலிக் பூலாவ் மலைச்சரிவில் தானாக விழுந்த பழத்தைத்தான் எடுப்பார்கள், அதனால் காலையிலேயே போங்கள். மூசாங் கிங் வகை டுரியான் எங்கேயும் கிடைக்கும், இங்கே வந்து அங் ஹே என்கிற வகையைக் கேளுங்கள். இனிப்பானதை முதலில், கசப்பானதைக் கடைசியில் சாப்பிட வேண்டும், மாறிப்போனால் நாக்கு மரத்து இனிப்பு தெரியாது.

இனி வழி. பாலிக் பூலாவுக்குத் துன் சார்டோன் சாலைதான் கிட்டத்து வழி, ஆனால் வளைவுகள் வயிற்றைக் கலக்கும். அம்மாவை அந்த வழியாகக் கூட்டிப்போய், பசியாறியதெல்லாம் வெளியே வந்து, அன்றைய நாளே வீணாகிவிட்டது. பெரியவர்கள் காரில் இருந்தால் தெலுக் கும்பார் வழியாகச் சுற்றியே போங்கள். பேருந்து என்றால் பாலிக் பூலாவுக்கு 401ஈ, தெலுக் பஹாங்குக்கு 101. இரண்டு ஊருக்கும் இடையே 501 ஓடுகிறது, ஆனால் அடிக்கடி வராது, அதை நம்பி இரண்டு இடத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக் கார் இருந்தால் முடியும்: காலையில் பாலிக் பூலாவ், லக்சா முடித்து மதியத்துக்கு மேல் தித்தி கெராவாங் வழியாக மலையேறி இறங்கினால் தெலுக் பஹாங். வழியில் பழக்கடைகள் இருக்கும். காய்ந்த ஜாதிக்காயை மட்டும் பட்டறையிலேயே வாங்கிவிடுங்கள், ஓட்டோடு கேளுங்கள், வீட்டில் ரொம்ப நாள் வாசனை போகாமல் இருக்கும்.