எட்டா, பத்தா? பறவை பார்க்கக் கிளம்புகிறவருக்கு எந்த பைனாகுலர்

பைனாகுலர் வாங்கப் போன அன்று கடைக்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பத்தே கிடைக்கும்போது எட்டு எதுக்கு சார்?" நியாயமாகத்தான் பட்டது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவு ஒன்றுதான், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் யார் குறைவாகக் காட்டுவதை வாங்குவார்கள்? 10×42 வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து மனைவிக்கென்று ஒரு 8×42 வந்தது. இன்று வாசல் கொக்கியில் தொங்குவது எட்டு. பத்து பீரோவில் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முகப்பு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

முதலில் எட்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் உண்மையில் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 100 மீட்டர் தள்ளி ஒரு நாரை நிற்கிறது. எட்டில் பார்த்தால் அது பன்னிரண்டரை மீட்டரில் நிற்பதுபோல் தெரியும், பத்தில் பத்து மீட்டரில். வேடந்தாங்கல் கரையில் நின்று 40 மீட்டரில் இருக்கும் கடம்ப மரத்துக் கூட்டைப் பார்த்தால், எட்டில் ஐந்து மீட்டர், பத்தில் நான்கு. அவ்வளவுதான், ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டருக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்கத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கணக்கு தொடங்கியது காட்டில் இல்லை, எங்கள் மொட்டை மாடியில். தெருமுனை வீட்டு மாடியில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு அட்டை தொங்கியது. எப்படியும் 80 மீட்டர் இருக்கும். கீழே விரல் அகலத்தில் ஒரு கைப்பேசி எண். நின்றபடி எட்டில் பார்த்தேன். சற்று நேரம் பிடித்தது, ஆனால் பத்து இலக்கமும் வந்துவிட்டது. பத்தில் பார்த்தேன். எண்கள் பெரிதாகத்தான் இருந்தன, ஆனால் நிற்கவில்லை. ஏழாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று கடைசிவரை பிடிபடவில்லை. சரி என்று முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இப்போது பத்து ஜெயித்தது. எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'தரகர்கள் அழைக்க வேண்டாம்' என்று இருந்ததைக்கூட வாசிக்க முடிந்தது. எட்டில் அது வெறும் கோடு.

பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. கை நடுக்கத்தையும், மூச்சையும், நாடித் துடிப்பையும் அதே மடங்கு பெரிதாக்குகிறது. மேட்டில் ஏறி வந்த உடனே பத்தைத் தூக்கிப் பாருங்கள், நெஞ்சு அடிப்பது கண்ணில் தெரியும். ஊன்றிக்கொள்ள ஒரு கம்பியோ மரமோ இருந்தால் பத்து, இல்லாவிட்டால் எட்டு என்று ஒரு தோராய விதி அன்றே மனதில் விழுந்தது. பறவைகள் கைப்பிடிச் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து வந்து உட்காருவதில்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்தது காட்சிப் பரப்பு. என்னைக் கேட்டால் உருப்பெருக்கத்தைவிட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். நிக்கான் மொனார்க் எம்7 வரிசையை எடுத்துக்கொள்வோம். 1000 மீட்டர் தூரத்தில் அதன் 8×42 மாடல் 145 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10×42 மாடல் 121 மீட்டர். ஆயிரம் மீட்டரில் யாரும் குருவி பார்ப்பதில்லை, ஆகவே 20 மீட்டருக்குக் கொண்டுவருவோம். எட்டில் 2.9 மீட்டர், பத்தில் 2.4 மீட்டர். அரை மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது வட்டத்தின் விட்டம். பரப்பாகக் கணக்கிட்டால் எட்டின் வட்டம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் பெரியது.

அந்த நாற்பது சதவீதம் எதற்கு உதவும் என்பது சென்னைக்குப் பக்கத்து நன்மங்கலம் காட்டில் விளங்கியது. குளிர்காலத்து அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை ஆண், ரிப்பன்போல் நீண்ட வாலோடு ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பத்தைத் தூக்கினேன்: இலை. நகர்த்தினேன்: வேறு இலை. அதற்குப் பக்கத்தில் ஒரு கிளை. "எங்கே, எங்கே?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி எட்டில் வாலின் நுனிவரை பார்த்து முடித்து, பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டாள். பறவை போய்விட்டது. இன்னொன்றும் உண்டு: ஒரே குவியத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் எட்டில் அதிகம். பறவை ஒரு கிளை முன்னே, ஒரு கிளை பின்னே போனாலும் சக்கரத்தைத் திருகத் தேவையில்லாமல் படம் தெளிவாகவே இருக்கும். பத்தில் விரல் ஓய்வதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா எட்டும் அகலமானது என்று நினைத்துவிடக் கூடாது. அதே நிக்கானின் விலை குறைந்த எம்5 வரிசையில் 8×42 காட்டுவது 112 மீட்டர்தான். அதாவது எம்7-இன் பத்தைவிடக் குறுகலானது. பெட்டியில் எழுதியிருக்கும் அந்த மீட்டர் கணக்கைப் பார்க்காமல் எட்டு, பத்து என்று மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

வெளிச்சம் பற்றிச் சொல்லப்படுவதில் கொஞ்சம் மிகை உண்டு. முகப்பு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும். இரண்டுமே அதற்கு மிஞ்சித்தான் தருகின்றன, ஆகவே பகலில் எட்டு பிரகாசமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தியில்தான் கதை மாறும். நன்மங்கலத்தின் பழைய கல்குவாரி விளிம்பில் கொம்பன் ஆந்தை வந்து உட்காரும் நேரம் அது. பாறையும் ஆந்தையும் ஒரே நிறம். பத்தில் ஆந்தையின் உருவம் தெரிந்தது. எட்டில் அது தலையைத் திருப்பியதும் கண்கள் தெரிந்தன. வயதாக ஆகக் கண்மணி இருட்டிலும் முன்போல் விரியாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த லாபமும் கொஞ்சம் சுருங்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பத்தை விற்கவில்லையே, ஏன்? கோடியக்கரைக்காக. உப்பளப் பாத்திகளில் உள்ளான் கூட்டம் இறங்கியிருக்கும்போது ஒளிந்துகொள்ள இலையும் இல்லை கிளையும் இல்லை. எல்லாம் திறந்தவெளி, எல்லாம் தூரம், எல்லாம் மண் நிறம். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உறவான டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. சிட்டுக்குருவியைவிடச் சற்றே சிறிய பறவையின் கால் நிறம் இது, அதுவும் சேறு அப்பிய கால். கார் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, பத்தை அதில் சாய்த்துப் பார்ப்பேன். அங்கே எட்டை வைத்துக்கொண்டு 'கொசு உள்ளான் வகை' என்று மழுப்பலாக எழுதிய பாத்திகளில் பத்தில் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். ஆனால் காலை ஒன்பதரை வரைதான். அதற்கு மேல் உப்புத்தரையிலிருந்து கானல் கிளம்பிவிடும். பிறகு பத்தில் பார்ப்பது கானலைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தூரம்தான், பத்துக்கான இடம்தான் என்று நினைத்திருந்தேன். 200 அடிச் சாலையில் நின்று பார்த்தால் தண்ணீர் லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் பாலமே அதிர்கிறது. பத்தில் பூநாரைகள் நடனமாடுகின்றன. வால்பாறையில் கேள்வியே வேண்டாம், எட்டுதான். மழைக்காட்டு உச்சிக்கிளையில் இருவாச்சியைத் தேடிக் கழுத்தை ஒடித்து மேலே பார்க்கும்போது எதிலும் சாய முடியாது. ஐந்து நிமிடத்தில் கை தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

மற்ற எண்களைப் பற்றியும் கேட்பார்கள். 8×32 நல்ல சமரசம்: கழுத்தில் கனம் குறையும், ஒளிவட்டம் 4 மி.மீ., அதாவது 10×42-க்குக் கிட்டத்தட்ட சமம். நடப்பது அதிகம், அந்தி குறைவு என்றால் தாராளமாக வாங்கலாம். சட்டைப் பையில் போகும் 10×25 கிரிக்கெட் மைதானத்துக்குச் சரி, 2.5 மி.மீ. ஒளிவட்டத்தில் கண்ணைப் பொருத்துவதே ஒரு வேலை. 12×50 வாங்குகிறவர் டிரைபாடும் சேர்த்து வாங்க வேண்டும். படம் ஆடாமல் நிறுத்தும் மின்கலப் பொறியுள்ள கேனான் வகைகள் நான் மேலே சொன்ன நடுக்க வாதத்தையே உடைத்துவிடும், ஆனால் விலையும் மின்கலமும் நம்மை உடைக்கும். 10–30×50 போன்ற ஜூம் வகை வேண்டவே வேண்டாம். 30-இல் ஒளிவட்டம் 1.7 மி.மீ.கூட வராது, கையில் நிற்கவும் நிற்காது. பொருட்காட்சிகளில் '100×' என்று அச்சடித்து விற்பவற்றைக் குழந்தைக்கு வேண்டுமானால் வாங்கிக் கொடுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்ற அளவு (eye relief). 15 மி.மீ.க்குக் குறைந்தால் ஓரம் கறுக்கும். ஒரே வரிசையில் எட்டுக்கு இது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். கடையில் சோதிக்கும்போது குளிர்சாதன அறைக்குள் விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள், வாசலுக்கு வாருங்கள். எதிரே மின்கம்பியில் காகம் இருக்கும். பைனாகுலர் இல்லாமல் அதைப் பாருங்கள், கண்ணை எடுக்காமல் பைனாகுலரைத் தூக்குங்கள். முதல் தூக்கிலேயே காகம் வட்டத்துக்குள் வருகிறதா? ஐந்து முறை எட்டிலும் ஐந்து முறை பத்திலும் செய்து பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எங்களுக்கு ஏரிக்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். பத்தை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒருவேளை கடைசி நேரத்தில் காட்டுப் பக்கம் மாற்றிவிட்டால் எட்டை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டேன். "நீங்க நோட்டு எழுதுங்க" என்றாள்.