மின்னணுத் தம்புராவும் 100 ஹெர்ட்ஸ் உறுமலும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

"டிஜிட்டல் தம்புராப் பெட்டி வாங்கினால் சுருதியில் உயிர் இருக்காதாமே, பழைய மாடலையே தேடி வாங்கட்டுமா?" என்று மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்திருக்கும் நண்பர் கேட்டார். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் நவராத்திரிக் கச்சேரி முடிந்து கலையும் கூட்டத்திலும் அடிக்கடி காதில் விழும் பேச்சுதான் இது. மரத் தம்புராவுக்கு உயிர் உண்டு, பழைய அனலாக் பெட்டிக்குக் கொஞ்சம் உண்டு, டிஜிட்டலுக்கு அறவே இல்லை என்பார்கள். என்னிடம் இருப்பது பதிவு வகை. உண்மைத் தம்புராவின் மீட்டலைப் பதிந்து சிப்பில் ஏற்றி, கேட்ட கட்டைக்கு, அதாவது பாடுகிறவரின் சுருதி உயரத்துக்கு, மாற்றி ஒலிக்கும் பெட்டி. அதன் அடாப்டரை அண்மையில் பழுது பார்த்ததோடு நண்பரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடாப்டரிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பெட்டியில் எனக்குத் தீராத எரிச்சல் அதுதான். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெட்டியோடு தரப்படும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது நொடிக்கு 100 ஏற்ற இறக்கங்கள் மிஞ்சுகின்றன. உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் அவற்றைச் சமன்செய்ய வேண்டும். அது காய்ந்துபோனால் 100, 200, 300 ஹெர்ட்ஸில் உறுமல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். 1 கட்டையில் பாடுகிறவருக்கு மந்தர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு மந்தர ஸட்ஜம் அதே 98. உறுமலோ அந்தச் சுரத்துக்கு 35 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் அவ்வளவாகக் கேட்காது. ஆனால் அதன் இரட்டிப்பான 200, தந்தியின் 196-ஓடு மோதி நொடிக்கு நான்கு விம்மல்களை, அதாவது ஒலி ஏறி இறங்குவதை, எழுப்பும். கேட்பவருக்கு அது மின்சார உறுமலாகத் தெரியாது, சுருதியே கலங்கியதுபோல் இருக்கும். "டிஜிட்டல் சுருதி ஒட்டவில்லை" என்ற பழி பிறப்பது இங்கேதான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே உறுமல் 120-இல் விழுவதால் 1 கட்டைக்கும் 5 கட்டைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அங்கிருப்பவர்கள் எழுதும் பாராட்டை நம்பி இங்கே வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. பெட்டியை 5 கட்டையில் வைத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். கலக்கம் நின்றால் கோளாறு அடாப்டரில். நிற்காவிட்டால் பெட்டிக்குள் ஆம்பிளிஃபயர் பக்கம் பாருங்கள். ஒலியின் அதிர்வெண்களை வரைபடமாகக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்று போதும், கண்ணாலும் பார்த்துவிடலாம். தந்தி 98, 196, 294-இல் முனை காட்டும், மின்சாரம் 100, 200, 300-இல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் செயலியில் நுண்ணளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: இவற்றில் பெரும்பாலும் 16 வோல்ட், 1000 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு 25 வோல்ட், 2200 மைக்ரோஃபேரட், 105 பாகை தாங்கும் வகையைப் போடுங்கள். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன, ஒன்றிரண்டு வெள்ளிக்குமேல் ஆகாது. உடம்பில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும். 230 வோல்ட் பக்கம் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் கூட்டைத் திறக்கவே வேண்டாம், புது அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குக் குறையக்கூடாது. நடுமுள் நேர்முனையா எதிர்முனையா என்பது இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். இங்கே விற்கப்படும் அடாப்டர்களுக்குக் கட்டாயமான பாதுகாப்புக் குறியும் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் உருண்டை முள் பிளக்கை மாற்றுச் சொருகியில் திணித்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும், அதுவும் ஸ்பீக்கரில் சடசடக்கும்.

இவ்வளவு விலை வாங்கும் பெட்டிக்கு, நல்ல தம்புராவைத் தேடிப் பதிந்து, சிப்பில் ஏற்றி, கடைசியில் இந்த அடாப்டரையா கூட வைப்பது? எனக்குக் கோபம் வருகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மனிதக் காது டிஜிட்டலைக் கண்டுபிடிக்குமா? மூன்று வெவ்வேறு ஒப்பீடுகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அறையில் ஒருவர் மரத் தம்புராவை மீட்ட, பக்கத்தில் பெட்டி ஒலித்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். குடமும் தண்டும் எல்லாப் பக்கமும் ஒலியை வீசுகின்றன. பெட்டியிலோ 3 அங்குல ஸ்பீக்கர் ஒரே திசையில் ஒலிக்கிறது. இதில் தெரிவது ஸ்பீக்கரின் குறை.

இரண்டாவது, தம்புராவின் முன் மைக் வைத்து நேராக ஒரு ஸ்பீக்கருக்கு அனுப்புவது. பிறகு அதே மைக்கை 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் டிஜிட்டலாக மாற்றி, திரும்ப அனலாக்காக்கி அதே ஸ்பீக்கருக்கு அனுப்புவது. டிஜிட்டல் என்ற ஒன்றை மட்டும் பிரித்துச் சோதிப்பது இதில்தான். காது தோற்பதும் இதில்தான். அமெரிக்காவில் மேயர், மோரன் இருவரும் உயர்தரப் பதிவுகளுக்கு நடுவே இப்படி ஒரு சிடி தரச் சுற்றைச் செருகிச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அதே விடைதான் வரும்.

மூன்றாவது, மரத் தம்புராவின் நீண்ட பதிவையும் பெட்டியையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்பது. இரண்டும் டிஜிட்டல். ஆனால் பழகிய காது இங்கே கண்டுபிடித்துவிடுகிறது! டிஜிட்டலும் அனலாக்கும் எதிரெதிரே நிற்கும்போது திணறும் காது, இரு பக்கமும் டிஜிட்டலாக இருக்கும்போது தெளிவாகப் பிரிக்கிறது.

பெட்டி ஒரே மீட்டலைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் இதற்குக் காரணம். விரல் ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில், வேறு அழுத்தத்தில் படும். பெட்டியில் மூன்றாவது சுற்றும் முப்பதாவது சுற்றும் அச்சாக ஒன்றே. ஐந்து விநாடி கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிடம் கேட்டால் எங்கே மடிப்பு விழுகிறது என்று காது எண்ண ஆரம்பித்துவிடும்.

கட்டை மாற்றும் விதம் இன்னொரு காரணம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் வளைந்த பரப்பில் தந்தி உரசுவதாலும், இடையில் செருகும் ஜீவா நூலாலும் தம்புராவின் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் உயர்ந்த அதிர்வெண்கள்) மீட்டிய பிறகு மெல்ல மலர்கின்றன. சர் சி. வி. ராமன் 1921-இலேயே இந்தக் குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மேற்சுரத்தின் அசையாப் புள்ளியில் மீட்டினால் அந்த மேற்சுரம் எழக்கூடாது என்பது விதி. தம்புராவிலும் வீணையிலும் அது எழுகிறது. 1 கட்டையில் பதிந்ததை வேகம் கூட்டி 5 கட்டைக்கு ஏற்றினால் எல்லாமே ஒன்றரை மடங்கு விரைகிறது. 4 விநாடியில் மலர வேண்டியது 2.7 விநாடியில் முடிந்துவிடும். குடத்தின் கார்வையும் கூடவே மேலே ஏறிவிடும். நல்ல பெட்டிகளில் சில கட்டைகளுக்கு ஒரு தனிப் பதிவு வைத்திருப்பார்கள். என் பெட்டியில் 1 கட்டையும் 5 கட்டையும் அருமை. 3 கட்டையில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பினால் இரண்டையும் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் −23 எல்யுஎஃப்எஸ் (கேட்கும் ஒலியுரப்பின் அலகு) அளவுக்குச் சமன்செய்யுங்கள். அரை டெசிபல் கூடினாலே அதுதான் "இனிமை" என்று காது தேர்ந்துவிடும், ஆகவே இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது. கட்டையும் மீட்டும் வேகமும் ஒன்றாக இருக்கட்டும். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி இன்னொருவர் மாற்றி மாற்றிப் போட வேண்டும். 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால்தான் கணக்கு. வெறும் ஊகத்தில் அவ்வளவு எடுக்கும் வாய்ப்பு 100-இல் 4. ஒன்பது சரி என்றால் அது ஊகமேதான்.

பழைய அனலாக் பெட்டியின் புகழுக்கும் காரணம் உண்டு, அதை மறுக்க முடியாது. அவற்றில் பலவற்றில் சுரத்துக்கு ஓர் ஆஸிலேட்டர், அதாவது அதிர்வை உண்டாக்கும் மின்சுற்று. சூடு ஏறினால் உள்ளே பாகங்களின் மதிப்பு நகர்ந்து சுருதி நழுவும். குளிர்சாதன அறையிலிருந்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடி திருக வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் நழுவாததால் இரண்டு ஸட்ஜங்களும் மயிரிழை விலகி மெல்ல விம்மும். நம்மவர்கள் உயிர் என்றது அந்த விம்மலைத்தான். டிஜிட்டல் பெட்டியில் எல்லாம் ஒரே குவார்ட்ஸ் படிகத்தின் கணக்கில் ஓடுவதால் விலகலே கிடையாது. தந்தி தந்தியாகத் திருத்தும் வசதி இருந்தால் ஒரு ஸட்ஜத்தை 2 சென்ட் தள்ளி வையுங்கள். 1 கட்டையில் ஆறேழு விநாடிக்கு ஒரு விம்மல் வரும், சுருதி மூச்சு விடும். 5 சென்ட் தாண்டினால் அபசுரம்.

கைப்பேசிச் செயலிகளில் வேறொரு வம்பு. சில செயலிகள் பஞ்சமத்தைப் பியானோ கணக்கில், 700 சென்டில் வைக்கின்றன. சுத்த பஞ்சமம் 702. 1 கட்டையில் இது இரண்டேகால் விநாடிக்கு ஒரு விம்மலாகப் பஞ்சமத்தைத் தேய்க்கும். இதையும் டிஜிட்டல் தலையில்தான் கட்டுவார்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ள ஊர். ஒலி கூட்டும் திருகு கரகரத்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொடுமுனை சுத்திகரிப்புத் திரவம் தெளித்து இருபது முப்பது தடவை முழுசாகத் திருகுங்கள். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். மண்டபத்தில் மிக்சரோடு இணைத்ததும் 50 ஹெர்ட்ஸ் உறுமினால் நடுவே டிஐ பாக்ஸ் என்ற சிறிய இணைப்புப் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரியில் ஓடும்போது, 5 கட்டையில், இதைவிட நிறைவான சுருதி இந்த அளவுப் பெட்டியில் நான் கேட்டதில்லை. என்றாலும் நண்பரை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை, அந்த அடாப்டரோடு விற்கும் வரை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு இப்போதைக்கு அரைமணி நேரத் தம்புராப் பதிவு ஒன்றும், கம்பி வழியே இணைக்கும் 4 அங்குல ஸ்பீக்கரும் போதும். மடிப்பு விழாது. பள்ளியிலும் கோவிலிலும் மேடையேறும் காலம் வந்தால் பெட்டி வேண்டியிருக்கும். அப்போது கடைக்குப் புது பேட்டரியைக் கையோடு எடுத்துப்போங்கள். பிள்ளையின் கட்டையில் வைத்து, முதலில் பேட்டரியிலும் பிறகு அடாப்டரிலும் மும்மூன்று நிமிடம் கேளுங்கள். பேட்டரி போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.