ஃபயர் அமைப்பின் மாணவர் உரிமைச் சேவை: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் மாணவர்களின் பேச்சுரிமைக்காக வாதாடும் ‘ஃபயர்’ அமைப்பு கட்டணமின்றி வழங்கும் சேவைகளுள் மிகவும் பயனுடையது, கல்லூரி விதிமுறைகளைத் தரம் பிரித்துக் காட்டும் அதன் இணையத் தொகுப்பே என்பது என் கருத்து. ஆலன் சார்லஸ் கோர்ஸ் என்ற பேராசிரியரும் ஹார்வி சில்வர்கிளேட் என்ற வழக்கறிஞரும் 1999-இல் தொடங்கிய இவ்வமைப்பு, கல்லூரிகள் எழுதிவைத்திருக்கும் விதிகளைப் படித்து, பேச்சுரிமையைத் தெளிவாகவும் பெருமளவிலும் பறிக்கும் விதி ஒன்றே ஒன்று இருந்தாலும் சிவப்பு விளக்கும், எப்படி வேண்டுமானாலும் பொருள்கொள்ள இடம்தரும் விதிகள் இருந்தால் மஞ்சளும், பெரிய ஆபத்து எதுவும் இல்லையெனில் பச்சையும் அளிக்கிறது. விதியின் வாசகத்தையும் உடன் தருவதால், துண்டறிக்கை கொடுக்க முன் அனுமதி தேவையா, எங்கே கூடலாம் என்பவற்றை மாணவர் முன்கூட்டியே அறியலாம்.

இந்த அறிவு எவ்வளவு தேவை என்பதற்கு மொடெஸ்டோ ஜூனியர் கல்லூரியே சான்று. 2013-இல், அரசியலமைப்பு நாளன்று, அரசியலமைப்புச் சட்டத்தின் படிகளையே வழங்கிய மாணவரை அக்கல்லூரி தடுத்து, ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் முன்பதிவு செய்துதான் வழங்க வேண்டும் என்றது. ஃபயரின் துணையுடன் தொடுக்கப்பட்ட வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தபோது, கல்லூரி விதிகளை மாற்றியதோடு 50,000 டாலரும் கொடுக்க நேர்ந்தது.

ஆயினும் விளக்கின் நிறத்தை மட்டும் நம்பிப் போராட்டத்தில் இறங்கக் கூடாது. அது எழுத்திலுள்ள விதியை அளக்கிறதே தவிர, நிர்வாகம் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தை அளப்பதில்லை. பேச்சுரிமையைக் காக்கும், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசுக் கல்லூரிகளைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும். தனியார் கல்லூரியிலோ, மாணவர் கையேட்டில் கல்லூரி தந்துள்ள வாக்குறுதிகளையே பெரும்பாலும் சார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் முதல் திருத்தத்துக்கு ஈடான பேச்சுரிமைப் பாதுகாப்பைத் தரும் கலிபோர்னியாவின் லியனார்டு சட்டம் இதற்கு நல்ல விதிவிலக்கு. எல்லாக் கருத்துகளுக்கும் பொதுவாக இருக்கும்வரை, நேரம், இடம், முறை பற்றிய நியாயமான கட்டுப்பாடுகள் அரசுக் கல்லூரியிலும் செல்லும் என்பதால், கூடாரமிட்டுத் தங்குவதும் வகுப்பை மறிப்பதும் பாதுகாப்புப் பெறுவது அரிது.

இணையம்வழி அனுப்பப்படும் முறையீடுகள் எல்லாவற்றையும் இவ்வமைப்பு கையிலெடுப்பதில்லை. ஆகவே, ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்பு வந்துவிட்டால், அதில் குறித்த கெடுவுக்குள் பதிலளிக்கும் வேலையைத் தனியே தொடங்கிவிட வேண்டும். விசாவில் படிப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரையும் அணுகுவது கட்டாயம். பேச்சுக்காக வெளிநாட்டவரின் விசாவைப் பறிப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ஃபயர் வழக்குத் தொடுத்திருந்தாலும், தனி ஒருவரின் விசா நிலையை ஆராய்ந்து அறிவுரை கூற அத்தகைய வழக்கறிஞரே தகுதியானவர்.